அவர் என்னிடம் சொன்னது

என் கணவர்மேல் கொலை வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்புச் சாட்சிகளில் நானும் ஒருத்தி. சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அதை அலமாரியில் வைத்துவிட்டு உலையில் அரிசி போட்டேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் புன்னைக்காயல். அவரும் கூட்டாளி ஒருவரும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போய்வந்தார்கள். வலை கிழிந்ததில் இருவருக்கும் பேச்சு முற்றியிருந்தது. ஒருநாள் முற்பகல் நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். சட்டையின் முன்பக்கமெல்லாம் ரத்தம். கழற்றி அடுப்பில் திணித்தார். பிறகு என் பக்கத்தில் குந்தினார்.

“ஏளா, அவன் கத்தியத் தூக்கிட்டு வந்தான். நான் துடுப்பால தடுத்தேன். மண்டையில பட்டுட்டு. விழுந்துட்டான்.”

நான் மிச்ச மீனையும் ஆய்ந்து முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கூட்டாளி நினைவு திரும்பாமலே இறந்துபோனார். போலீஸ் வந்து சாம்பலைக் கிளறி, சட்டைப் பித்தான்களை எடுத்தது. கரையில் கத்தி எதுவும் கிடைக்கவில்லை.

எங்கள் வக்கீலிடம் கேட்டேன். “நான் பெண்டாட்டிதான ஐயா, போகாம இருந்தா என்ன?”

“சம்மன் வந்தா போய்த்தாம்மா ஆகணும். பெண்டாட்டின்னு விட மாட்டாங்க. கண்ணால பார்த்ததைக் கேப்பாங்க. ஆனா புருஷன் உங்கிட்ட வாயால சொன்னது எதையும் கோர்ட்ல சொல்லக் கூடாது.”

“அவர் சொன்னதுதான ஐயா அவருக்கு நல்லது?”

வக்கீல் கேஸ் கட்டை மடித்துக் கட்டினார். சம்பவ நேரத்தில் என் கணவர் கரையிலேயே இல்லை, ஆத்தூருக்குப் போயிருந்தார் என்று அவர் வாதாடப்போகிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கூண்டில் ஏறி உண்மையே சொல்வதாகச் சத்தியம் செய்தேன். அரசு வக்கீல் அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார்.

“இவுக வந்தாக. அவன் கத்தி எடுத்துட்டு வந்தான்னு எங்கிட்ட…”

எங்கள் வக்கீல் எழுந்துவிட்டார். நீதிபதி கையை உயர்த்தினார்.

“அவர் சொன்னதைச் சொல்லாதீங்கம்மா.”

“அவுகளுக்கு நல்லதைத்தான் ஐயா சொல்லுதேன்.”

“நல்லதோ கெட்டதோ, அவர் சம்மதிச்சாதான் சொல்லலாம்.” நீதிபதி என் கணவர் பக்கம் திரும்பினார். “உமக்குச் சம்மதமா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. வக்கீலைப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையாட்டினார்.

“சரி, கண்ணால் பார்த்தது என்ன?” என்றார் அரசு வக்கீல்.

“சட்டையில ரத்தம் இருந்துச்சு.”

“சட்டையை என்ன செய்தார்?”

“அடுப்புல போட்டாக.”

அவ்வளவுதான் கேட்டார்கள். இறங்கி, வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். பசித்தது. கொண்டுபோன சோற்றைத் தின்றேன். ஆத்தூர் கதையை நீதிபதி நம்பவில்லை. ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அப்பீலிலும் அதுவே நின்றது.

சிறையில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் ஒருமுறை கேட்டார். “சட்டையச் சொல்லாம இருந்திருக்கலாம்லா?”

“கேட்டாக. சொன்னேன்.”

“வக்கீலு வேண்டாம்னாரு. அதான் தலையாட்டுனேன்.”

“சரி.”

“பிள்ளைக நல்லா இருக்கா?”

“இருக்கு.”

நேரம் முடிந்தது என்று காவலர் சொல்லும்வரை நின்றோம்.

ஊரில் அந்தக் கூட்டாளியின் மனைவி எங்கள் தெருவில்தான் இருந்தாள். மாதா கோயிலில் எனக்கு முன்வரிசையில் முழந்தாளிடுவாள். நான் பிள்ளைகளோடு முத்தையாபுரத்துக்குக் குடிவந்து, உப்புப் பொட்டலம் போடும் வேலைக்குப் போனேன். வருடங்கள் கழித்து என் கணவர் விடுதலையாகி அங்கேயே வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கூட வேலை செய்தவர்கள் சந்தோஷந்தானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினேன். வெளியிலிருந்து பூட்டும் அறையிலேயே இத்தனை வருடம் இருந்தவர் வாசல்வரை வந்து, கதவை உள்பக்கம் தாழிடலாமா என்று கேட்டார்.