மார்த்தாளின் கேள்வியும் என் பாட்டும்

புதன்கிழமை வீட்டுக்கூட்டத்தில் வேதபாடம் நடத்துபவர் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். மகளின் பிரசவத்துக்காக அவர் கோயம்புத்தூர் போனதும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. காலண்டர் அச்சாபீஸில் புரூஃப் பார்க்கிறவளுக்கு வேதமும் வரும் என்று போதகர் ஐயா முடிவு செய்துவிட்டார். கூடவே ஒன்று சொன்னார்: "நாரணாபுரத்து அக்காவ எப்படியாவது கூட்டிட்டு வந்துருங்கம்மா. அவுக கோயிலுக்கு வந்து நாலு மாசமாச்சு."

நாலு மாதத்துக்கு முன்புதான் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் அந்த அக்காவின் ஒரே மகள் இறந்தாள். முகத்தைக்கூடக் காட்டாமல் பெட்டியை மூடித்தான் அடக்கம் செய்தோம்.

போதகர் கொடுத்த கையேட்டில் பொறுமையைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுக்க நான் யார்? அதை ஒதுக்கிவிட்டு, வேதாகமத்தில் இயேசுவின் நண்பன் லாசரு இறந்த பகுதியை எடுத்தேன். அவன் சகோதரி மார்த்தாள் இயேசுவிடம் முகத்துக்கு நேராகவே குறைப்படுகிறாள், நீர் இங்கே இருந்திருந்தால் அவன் செத்திருக்க மாட்டானே என்று. அவர் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த அக்காவும் மனதில் இருப்பதைக் கொட்டட்டும் என்பதே என் எண்ணம். ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வீணான காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் குறிப்பெழுதினேன். ஆறு கேள்விகள். ஐந்தாவது: மார்த்தாள் அப்படிக் கேட்டது தப்பா? அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு நானே ஓரத்தில் எழுதிவைத்தேன். அம்புட்டுப் புத்திசாலி நான்.

நேரில் போய் அழைத்தேன். "யாரும் ஆறுதல்னு எதுவும் சொல்ல மாட்டாக. நான் பாத்துக்கிறேன்க்கா." "நீங்க சொல்றீகன்னு வாரேன்" என்றார்.

வந்தார். பாடத்துக்கு முன்னால் சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். ஆண்டவர் செய்த நன்மையை யாராவது எழுந்து சொல்ல வேண்டும். விபத்து நடந்த அதே பட்டாசு ஆலையில் வேலை பார்த்த ஒருத்தி வாராவாரம் ஒரே சாட்சியைத்தான் சொல்வாள். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது மரத்துப்போயிருந்தது. ஆறு கேள்வி தயாரித்த எனக்கு, இன்றைக்கு மட்டும் சாட்சி வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

"அன்னைக்குக் காலையில எனக்குத் தலவலி. லீவு போட்டேன். ஆலையில நான் வேல பாக்குற ரூமுல இருந்தவுக ஒருத்தரும் இன்னைக்கு இல்ல. என்னய மட்டும் கர்த்தர் காப்பாத்துனாரு" என்றாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

நாரணாபுரத்து அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல் கேட்டார். "ஒனக்குத் தலவலியக் குடுத்தவரு எம் மகளுக்கு ஒரு காய்ச்சலக் குடுக்கக் கூடாதா?"

நான் ஒரு வாரம் பாடுபட்டது இதற்குத்தான். ஆனால் அறையிலிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. கூட்டத்தில் யாராவது எக்குத்தப்பாகப் பேசிவிட்டால் ஒரு பாட்டெடுத்துச் சமாளிப்பது எங்களுக்குக் கைவந்த கலை. நான் பாட்டெடுத்தேன், அதுவும் கைதட்டிப் பாடுகிற பாட்டு. இரண்டு சரணத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மறுபடி கேட்பாரோ என்று ஐந்து சரணமும் பாடினேன்.

அவர் பாதியில் எழுந்து போகவில்லை. பாட்டு முடியும்வரை தலைகுனிந்து இருந்தார். பிறகு வேதாகமத்தைப் பையில் வைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் வாசல்வரைகூடப் போகாமல் பாடத்தை நடத்தினேன். மார்த்தாள் கேட்டதில் தப்பே இல்லை என்று, சாட்சி சொன்னவள் உட்பட எல்லோரும் சொன்னார்கள். கூட்டத்தை நல்லபடியாகச் சமாளித்தேன் என்று போதகர் ஐயா போனில் பாராட்டினார்.

சனிக்கிழமை மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அடுத்த புதன் வருவாரா என்று நான் கேட்கும் முன் அவரே சொன்னார்.

"இனிமே என்னயக் கூப்பிடாதீகம்மா. இங்கன தனியா இருந்து கேட்டாலும் ஆண்டவரு பதில் சொல்றதில்லதான். ஆனா குறுக்க பாட மாட்டாரு."