பிரேக்கில் இருந்த கால்

முதல் அறிகுறி ஒரு செருப்பு. மாமல்லபுரத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். பின்னால் வந்த கண்டக்டர் சேகர் என் காலைப் பார்த்துச் சிரித்தான். "இன்னா அண்ணாத்த, ஒத்தச் செருப்போட வந்துகினு கீற?" வலது செருப்பு டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. அது கழன்றதும் தெரியவில்லை, சுடுகிற தாரில் வெறுங்காலோடு நடந்ததும் தெரியவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்று மாலை செங்கல்பட்டில் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி எஸ்தர் கத்தினாள். "இன்னாய்யா இது, வூடெல்லாம் ரத்தம்!" பாதத்தில் பாட்டில் துண்டு ஒன்று ஏறியிருந்தது. அவள் அதைப் பிடுங்கியபோதும் வலிக்கவில்லை. வலிக்கவில்லையே, ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். என்னைப் போன்ற சர்க்கரை நோயாளிக்கு வலிக்காமல் இருப்பதுதான் ஆபத்து என்று அப்போது எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் தயவுசெய்து தினமும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.

புண் ஆறவில்லை. கட்டைவிரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் காலை ஊசியால் குத்தி, "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே கணுக்கால்வரை வந்தார். நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு மரத்துப்போவது) என்றார். அதோடு இப்போது கேங்கிரீன் (ரத்த ஓட்டம் நின்று சதை அழுகுவது) வந்துவிட்டதாம்.

"முட்டிக்குக் கீழ எடுத்துடணும். தள்ளிப்போட்டா முட்டியும் போயிடும். அப்புறம் உயிருக்கே ஆபத்து."

"வலது கால் டாக்டர். அதுலதான் பிரேக் புடிக்கிறேன்."

"தெரியுதுங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று நான்தான் அவரை அனுப்பிவைத்தேன்.

சபையிலிருந்து வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, கண்ணீரோடு ஜெபித்தார்கள். ஒரு சகோதரர் என் கால்மேல் கைவைத்து, "விசுவாசிங்க பிரதர், இந்தக் கால் போகாது" என்றார். அன்பினால் சொன்ன வார்த்தை அது. அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் போன பிறகு நானும் சத்தமாக ஜெபித்தேன். "ஆண்டவரே, உமது சித்தம் ஆகட்டும். கால் மட்டும் போகக் கூடாது. முதல் தேதிக்குள் நான் வண்டி எடுக்கணும்."

பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த எஸ்தர் கையை நிறுத்தினாள்.

"ஏய்யா, இதுக்குப் பேரு ஜெபமா? டிப்போவுல டூட்டி போடற மாதிரி ஆண்டவருக்கு டூட்டி போட்டுகினு கீற."

எனக்குச் சுருக்கென்றது. "உனக்கு விசுவாசம் இல்ல" என்று சீறினேன்.

"எனக்கு நீ வோணும்யா" என்றாள். "காலு இல்லாத நீயா இருந்தாலும் வோணும். அத்தத்தான் நான் கேட்டுகினு கீறேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அவள் கையிலிருந்த ஆரஞ்சை வாங்கி நான் உரித்தேன். என் சித்தத்தைச் சொல்லிவிட்டு, அதில் கையெழுத்துப் போடத்தான் இத்தனை நாள் ஆண்டவரைக் கூப்பிட்டேன் என்று மெல்ல உறைத்தது. மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம், "எடுத்துடுங்க" என்றேன். நிம்மதி என்று ஒன்றும் வரவில்லை. பயம்தான் வந்தது. ஸ்ட்ரெச்சரில் போகும்போது ஜெபிக்க வாயைத் திறந்தால் கேட்பதற்கு எதுவும் அகப்படவில்லை. "நீர் பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன்.

உயிர் தங்கியது. ஆனால் காணாமல் போன கால் வலித்தது. இருந்தபோது கண்ணாடி குத்தியும் வலிக்காத கால், போன பிறகு விரல் விரலாக வலித்தது! ஃபேண்டம் வலி (இல்லாத உறுப்பு இருப்பதுபோல் தோன்றி நோகடிப்பது) என்றார் டாக்டரம்மா. மூளை இன்னும் கால் இருப்பதாகவே நினைக்கிறதாம். எனக்கு ஆண்டவர்மேல் கோபம் வந்தது. எடுத்ததுதான் எடுத்தீர், முழுசாக எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அந்தக் கோபத்தையும் அவரிடம்தான் சொன்னேன், வேறு யாரிடம் சொல்ல?

கட்டைக் கால் பழகிய பிறகு, மாமல்லபுரத்தில் எஸ்தரின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினோம். என் பழைய வண்டி. சேகர்தான் கண்டக்டர். கைத்தாங்கலாக ஏற்றி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார வைத்தான். புது டிரைவர் சின்னப் பையன்.

வண்டி கிளம்பியதும் ஆரம்பித்தது என் அவஸ்தை. வளைவு வந்தால் இல்லாத கால் பிரேக்கை மிதித்தது. மாடு குறுக்கே வந்தால் மிதித்தது. கெண்டைச் சதை இருந்த இடம் இழுத்துப் பிடித்து, சட்டையெல்லாம் வேர்வை. டிக்கெட் கொடுத்துவிட்டு வந்த சேகரிடம் மெதுவாகக் கேட்டேன். "புதுப் பையன் எப்படிப்பா?"

"நல்லாத்தான் ஓட்டுறான் அண்ணாத்த. அவனுக்கும் வூடு கீது, போய்ச் சேர வேணாமா?"

திரும்பிப் பார்த்தேன். அத்தனை வருஷம் கண்ணாடியில் மட்டும் பார்த்த ஜனம். மீன் கூடைக்காரம்மா ஜன்னல் கம்பியில் தலையை முட்டுக்கொடுத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு அப்பாவும் மகளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். என் பின்னாலும் இப்படித்தானே தூங்கியிருப்பார்கள், என் பெயர்கூடத் தெரியாமல்? யாரும் என்னிடம் பிரேக்கைக் கேட்டதில்லை. சீட்டில் சாய்ந்து, எஸ்தரின் தோளில் தலையை வைத்தேன்.

"எழுந்திரிய்யா, ஊரு வந்துடுச்சி" என்று அவள் உலுக்கியபோதுதான் விழித்தேன். திருக்கழுக்குன்றம் எப்போது போனது என்று தெரியவில்லை. ஓடுகிற பஸ்ஸில் நான் தூங்கியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

இப்போது டிப்போவில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு டூட்டி போடுகிற வேலை. எஸ்தருக்கு அதை நினைத்தாலே சிரிப்பு. வலி இன்றும் சில நாள் வருகிறது. வரும்போது கண்ணை மூடி, அந்தச் சாயங்காலத்தை நினைத்துக்கொள்வேன். அன்று பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன், இல்லாத அந்தக் காலை வழக்கம்போல் மனசுக்குள் தேடிப் பார்த்தேன். அது பிரேக்கில் இல்லை. தளர்ந்து, தூங்குகிறவனின் காலாகக் கிடந்தது. வழியில் இருந்த வளைவுகள் எல்லாம் என்னைக் கேட்காமலே கடந்து போயிருந்தன.