ஜெரோமின் சாட்சியும் என் முறைப்பாடும்

சகோதர சகோதரிகளே, இதை நான் ஆறின மனதோடு எழுதவில்லை. கோபம் போன பிறகு எழுதலாம் என்று மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லுகிறேன்.

போன வருடம் மாரி மழை தொடங்கின நேரம். ஒரு திங்கட்கிழமை காலை என் கந்தோரை, அதுதான் அலுவலகத்தை, திறந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தேன். பாஸ்வேர்ட் பிழை என்றது. திரும்ப அடித்தேன். பிழை. என் கம்பனிக்குள் போகிற கதவை யாரோ உள்ளுக்குள் இருந்து பூட்டியிருந்தார்கள். பூட்டினது யார் என்று எனக்கு உடனேயே தெரிந்துவிட்டது. அந்தக் கதவு இரண்டு பேருக்குத்தான் திறக்கும்.

என் பெயர் மெர்லின். திருகோணமலையில் உட்துறைமுக வீதியில், ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் என் கந்தோர். ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும், கீழே டயர் கழற்றுகிற சத்தம் கேட்கும். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில்தான் இந்தத் தொழிலைத் தொடங்கினேன். கொழும்பிலிருந்து கம்ப்யூட்டர் திருத்துகிறவர்கள் வரமாட்டார்கள், இங்கே கரண்ட் போய்ப் போய் வரும், கடைக்காரர்களின் மெஷின்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. பில், இருப்பு, எல்லாம் அதோடு போனது. நான் ஒவ்வொரு கடையாக ஏறி, "உங்கட கணக்குவழக்கைக் கடைக் கம்ப்யூட்டருக்குள்ள வைக்காதேங்கோ, கிளவுடில வைப்பம். மெஷின் எரிஞ்சாலும் இணையத்தில பத்திரமா இருக்கும், போனில கூடப் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லி ஆள் சேர்த்தேன்.

விளம்பரம் கிடையாது. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லித்தான் வந்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர், பழைய மாணவர் கூட்டத்தில் ஒருவர். கிண்ணியாவில் நிஸ்தார் நானாவின் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்) ஹார்ட்வெயார்க் கடை, கந்தளாயில் ஒரு அரிசி ஆலை, உப்புவெளியில் சில விடுதிகள். மழையில் நனைந்து, பஸ்ஸில் நின்று, கடை முதலாளி மத்தியானம் தூங்கி எழும்பும் வரைக்கும் வாசலில் காத்திருந்து சேர்த்த ஆட்கள் அவர்கள்.

ஜெரோம் எங்கள் சபைப் பிள்ளை. நல்லாய்க் கதைப்பான். சிங்களம், ஆங்கிலம் இரண்டும் சரளம். "அக்கா, நீங்கள் வேலையைப் பாருங்கோ, ஆக்களை நான் பார்க்கிறன்" என்று வந்து பங்காளியாகச் சேர்ந்தான். எல்லாக் கடைகளையும் சேர்த்து நடத்துகிற தலைமைக் கணக்கைத் திறந்த அன்று, அவன் பெயரிலும் அவன் போன் நம்பரிலும் திறந்தோம். ஏன் என்று கேட்கிறீர்களா? சபைப் பிள்ளை என்றபடியால். வேறு காரணமே இல்லை. வெளி ஆளாக இருந்திருந்தால் இரண்டு தரம் யோசித்திருப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை அவன் போன் எடுக்கவில்லை. கடைக்காரர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவர்களுடைய பில் வழமை போல ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நின்றது நான் மட்டும். மத்தியானம் நிஸ்தார் நானா போன் பண்ணினார்.

"என்ன தங்கச்சி, கம்பனிய மூடிட்டீங்களாம்? ஜெரோம் தம்பி சொன்னார். உடம்பப் பாருங்க. மருந்த விடாம எடுங்க."

"என்ன மருந்து நானா?"

அவர் சங்கடப்பட்டுப் போனை வைத்துவிட்டார்.

பிறகுதான் தெரிந்தது. ஜெரோம் கொழும்பில் ஒரு கம்பனியோடு சேர்ந்துவிட்டான். என் வாடிக்கையாளர் அத்தனை பேரையும் அங்கே கொண்டுபோய்விட்டான். அவர்களுக்கு அவன் சொன்ன கதை இதுதான்: "அக்காவுக்குப் புத்தி கொஞ்சம் சரியில்லை. பாவம். அதால மூடியாச்சு."

இதற்கு நான் என்ன செய்வேன்? ஒவ்வொருவருக்கும் போன் பண்ணி, எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். புத்தி சரியில்லாத ஆளும் அதைத்தானே சொல்லும்! கந்தளாய் ஆலைக்காரர் என்னோடு குழந்தைப் பிள்ளையோடு கதைக்கிற மாதிரிக் கதைத்தார். உப்புவெளியில் ஒரு விடுதி அம்மா, "கடவுள் சுகம் தருவார்" என்று பூப்படம் போட்டு மெசேஜ் அனுப்பினா. நான் சத்தமாகக் கதைத்தால் "பார், வருத்தம்" என்பார்கள். மெதுவாகக் கதைத்தால் "பார், மருந்து" என்பார்கள். அப்படி ஒரு பூட்டு அது.

பாஸ்டரிடம் போனேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மகள், விசுவாசிக்குள்ள வழக்கு வேண்டாம். ஜெபியுங்கோ. விட்டுக்குடுங்கோ" என்றார். சபைக்குப் புது ஸ்பீக்கர்களை வாங்கித் தந்தது ஜெரோம் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கு அது தெரியாதா?

விட்டுக்கொடுக்க வேண்டியது எப்போதும் பறிகொடுத்தவர்தான். பறித்தவனிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. இதை நான் இப்போதும் கோபமாகத்தான் சொல்லுகிறேன்.

ஆனாலும் ஜெபித்தேன். கந்தோரை உட்பக்கமாகப் பூட்டிவிட்டு, கீழே டயர்க்காரர் சுத்தியலால் அடிக்கிற சத்தத்துக்குள் என் சத்தம் கேட்காது என்ற தைரியத்தில், முழங்காலில் நின்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். அழகான ஜெபம் இல்லை. "நீர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்? என்ன பார்வை இது? எனக்குக் கம்பனி கூட வேண்டாம். நான் சொல்லுறதை நம்புகிற ஒரு ஆளை அனுப்பும். ஒரே ஒரு ஆள். அதுகூட உம்மால் ஏலாதா?" இப்படித்தான் கேட்டேன். என் கணவர் செல்வன் என்னை நம்பினார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், என் தொழிலுக்குள் வந்து சாட்சி சொல்ல அவரால் முடியாது. எனக்கு வெளியிலிருந்து ஒரு ஆள் வேண்டும்.

யாரும் வரவில்லை. நாட்கள் போயின. ஆராதனையில் கை தட்டும்போது கை மட்டும்தான் தட்டியது.

பிறகு அந்த ஞாயிறு.

எங்கள் சபை ஆராதனை இணையத்தில் நேரடியாகப் போகும். கொரோனா நேரம் சபை மூடிக் கிடந்தபோது நான்தான் அதை அமைத்துக் கொடுத்தேன், ஒரு சதமும் வாங்காமல். கனடாவிலும் டோஹாவிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் அதில்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பின்வரிசையில் கம்ப்யூட்டரோடு இருந்து அதை ஓட்டுவதும் நான்தான்.

ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராய் எழும்பிச் சொல்லுகிற சாட்சி நேரம் வந்தது. ஜெரோம் எழும்பினான். வெள்ளைச் சட்டை. அவன் முகம் நல்லாய்த் தெரியட்டும் என்று கமராவைக் கிட்டக் கொண்டுபோய்ப் பெரிதாக்கினது நான். பழக்கத்தில் கை அதைச் செய்துவிட்டது.

"ஸ்தோத்திரம். ஆண்டவர் எனக்குப் புதுக் கதவைத் திறந்தார். கிண்ணியாவில, கந்தளாயில, உப்புவெளியில, நான் நினைச்சும் பார்க்காத இடங்களில எனக்கு வாடிக்கையாளரைத் தந்தார். ஒரே நாளில தந்தார்!"

சபை முழுக்க அல்லேலூயா என்றது. பாஸ்டரும் சொன்னார்.

நான் எழும்பினேன். நடந்து முன்னால் போனது எனக்கு நினைவில்லை. மைக் என் கையில் இருந்தது.

"நான் சாட்சி சொல்ல வரேல்லை. முறைப்பாடு சொல்ல வந்தனான். உங்களிட்ட இல்லை, ஆண்டவரிட்ட" என்றேன். பிறகு மேலே பார்த்துக் கதைத்தேன். "ஆண்டவரே, இவர் நன்றி சொல்லுற ஒவ்வொரு கடையும் நான் ஏறி இறங்கின கடை. கிண்ணியாப் பாலத்தால மழைக்குள்ள போனது நான். ஆலைக் கணக்கை உமி தூசிக்குள்ள இருந்து ஏத்தினது நான். இவர் பாஸ்வேர்டை மாத்தினவர். எனக்குப் பைத்தியம் எண்டு சொன்னவர். இப்ப நீர் தந்தனீர் எண்டு சொல்லுறார். நீர் தந்தனீரா? தந்தனீர் எண்டால் என்னட்டையிருந்து ஏன் பறிச்சனீர்? தரேல்லை எண்டால், களவை உம்மட பேரில எழுதுறாங்கள், நீர் ஏன் சும்மா இருக்கிறீர்?"

பிறகு பாட்டு நடத்துகிற அக்கா அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினா. பாஸ்டர் மைக்கை என் கையிலிருந்து எடுத்தார். நான் திரும்பி என் இடத்துக்கு வந்து இருந்தபோதுதான் கண்டேன். திரையில் சிவப்புப் புள்ளி. நேரடி ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. ரொறொன்ரோவில் இருக்கிற ஒரு அன்ரி கீழே, "என்ன நடக்குது அங்க?" என்று எழுதியிருந்தா.

நானே அமைத்த ஒளிபரப்பு. நானே மறந்துபோனேன்.

வீட்டுக்கு வந்து செல்வனிடம் சொன்னேன். "முடிஞ்சுது. இனி எல்லாரும் நம்புவினம் எனக்குப் பைத்தியம் எண்டு." அவர் சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்தார். "சொல்ல வேண்டியதைத்தானே சொன்னனீர். சாப்பிடும்" என்றார். நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன். ஆண்டவர் மேல் அன்றைக்கு இருந்த கோபம் ஜெரோம் மேல் கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை கந்தோர்ப் படியில் யாரோ ஏறி வருகிற சத்தம். நிஸ்தார் நானா. கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார், சட்டையெல்லாம் ஈரம். கதிரையில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்தார்.

"தங்கச்சி, ஒங்கட வீடியோவப் பார்த்தன்."

எனக்கு முகம் சுட்டது.

"ரெண்டு தரம் பார்த்தன். ஒங்களுக்குப் புத்தி சரியில்லண்டு தம்பி சொல்லித்தான் அனுப்பினார். 'பாருங்க நானா, அக்காட நிலமைய' எண்டு போட்டிருந்தார். நானும் அப்பிடித்தான் பார்க்கத் தொடங்கினன். ஆனா பைத்தியக்கார மனிசி ஆண்டவனிட்ட இப்பிடி முறையாக் கேள்வி கேக்காது. பொய் சொல்லுற மனிசி மனிசனிட்டத்தான் சொல்லும், ஆண்டவனப் பார்த்து அந்தச் சத்தத்தில பொய் சொல்ல ஏலாது. நானும் தொழுற ஆள், எனக்குத் தெரியும். சொல்லுங்க, இப்ப நான் என்ன செய்யணும்?"

நான் அழுதேன். விசுவாசிகளே, இதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நான் ஒரு ஆளைக் கேட்டேன். அந்த ஆளுக்கு அந்த வீடியோவை அனுப்பிவைத்தது யார்? ஜெரோம். என்னை முடிப்பதற்கென்று அவன் தன் விரலால் அனுப்பினதுதான் என் ஜெபத்துக்குப் பதிலாய் வந்து சேர்ந்தது. இதை நான் எப்படி ஆண்டவர் செய்யவில்லை என்று சொல்லுவேன்?

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொரு கடையின் இணைய முகவரியும் கடை முதலாளியின் பெயரில்தான் இருந்தது. கடையின் சொந்தக்காரர் நேரே எழுதி, தன்னை யார் என்று காட்டி, என் கணக்கை என்னிடம் தா என்று கேட்டால் கிளவுட் கம்பனி தந்தே ஆகவேண்டும். இதைத்தான் நான் முதல் நாளிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னது பைத்தியம் என்றபடியால் ஒருவரும் கேட்கவில்லை.

நானா அங்கேயே இருந்து எழுதினார். பதில் வரும் வரைக்கும் நான் பட்ட பாடு வேறு. ஒரு காலை அவர் போன் பண்ணி, "தங்கச்சி, கணக்கு திறந்திட்டுது, இனி நீங்கதான் பார்க்கணும்" என்றார். அவர் கடையின் பில், கடன், கதவுப் பிணைச்சல் இருப்பு வரைக்கும் எல்லாம் அப்படியே இருந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. வர்த்தகர் சங்கத்தில் ஒவ்வொருவராய்ப் பிடித்துச் சொன்னார். பள்ளிவாசல் முற்றத்தில் சொன்னார். என்னைக் கூட்டிக்கொண்டு கந்தளாய்க்கு வந்தார். ஆலைக்காரர் என்னைப் பார்த்ததும் பழையபடி குழந்தையோடு கதைக்கிற குரலை எடுத்தார். நானா, "சும்மா இருங்க முதலாளி, அவ என்ன சொல்றாண்டு கேளுங்க" என்றார். கேட்டார். திரும்பி வந்தார். உப்புவெளி விடுதிகள் வரவில்லை. பூப்படம் அனுப்பின அம்மா இன்றைக்கும் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்ப்பா. பார்க்கட்டும்.

பாஸ்டர் ஒருநாள் கந்தோருக்கு வந்தார். "மகள், நீங்கள் சொன்னது பிழையில்லை. சொன்ன விதம்தான்…" என்று இழுத்தார். "பாஸ்டர், நல்ல விதமா உங்களிட்டத்தான் முதல் வந்து சொன்னனான்" என்றேன். அவர் துறைமுகத்தைப் பார்த்தபடி, "ஓம்" என்றார். ஒத்துக்கொண்ட அந்த ஒரு சொல்லுக்காக அவரை மதிக்கிறேன்.

இப்போது நான் வேலை செய்கிற விதமே மாறிவிட்டது. புதுக் கடை ஒன்றைக் கிளவுடில் ஏற்றினால், தலைமைக் கணக்கு முதலாளியின் பெயரில், முதலாளியின் போனில். என் பெயரில் போடச் சொல்லிக் கெஞ்சினாலும் போடமாட்டேன். நானாவின் கடை மேல்மாடியில் கடைக்காரரைக் கூட்டி, தங்கள் கணக்கைத் தாங்களே எப்படித் திறந்து பூட்டுவது என்று சொல்லிக்கொடுக்கிறேன். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், எல்லோரும் வருகிறார்கள். அங்கே யாரும் யாரையும் எந்தச் சபை, எந்தப் பள்ளி என்று கேட்டு நம்புவதில்லை. செய்கிற வேலையைப் பார்த்து நம்புகிறார்கள்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். ஜெரோம் மன்னிப்புக் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்து கை உயர்த்திப் பாடுகிறான். மன்னிக்கிறேன் என்று காலையில் ஆண்டவரிடம் சொல்லுகிறேன், ஆராதனையில் அவன் குரலைக் கேட்டதும் வயிறு எரிகிறது. மறுநாள் காலை திரும்பவும் சொல்லுகிறேன். அதற்கு மேல் இப்போதைக்கு என்னால் ஏலாது. ஆண்டவருக்கு அது தெரியும்.

உங்களில் யாரையாவது சொந்தச் சபை ஆளே ஏமாற்றியிருக்கலாம். பொறுத்துக்கொள் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நல்ல பிள்ளையாகி, கண்ணைத் துடைத்து, குரலைத் தணித்துக்கொண்டு பிறகு ஆண்டவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். இப்போதே போங்கள், கத்த வேண்டுமென்றால் கத்துங்கள். நான் அவரை, திருடனுக்குத் துணை போகிறீரா என்று சபை நடுவில் நின்று கேட்டேன். அவர் என்னோடு கோபித்துக்கொள்ளவில்லை. மழைக்குள் நிஸ்தார் நானாவை அனுப்பினார்.