கல்லுக்குள் இறங்கிய நீலம்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில், கொக்குவிலில், என் மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது டைபாய்டு என்கிற நெருப்புக் காய்ச்சல் வந்தது. அதை வீட்டுக்குள் கூட்டி வந்தவள் நான்தானோ என்ற பயம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

எங்களுடையது பங்குக் கிணறு. வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நான் அக்கா என்று கூப்பிடும் ஒருத்தியின் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் குடிக்கவும் குளிக்கவும் அதுதான்.

கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து ஒரு கக்கூசு கட்டும்படி என் கணவரை நச்சரித்தேன். பனங்காணிக்குள் ஒதுங்கப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. நாலெழுத்துப் படித்தவள் என்ற திமிரும் இருந்தது. கடைசியில் அவர் சம்மதித்தார். எங்கே கிடங்கு வெட்டுவது என்று வந்தபோது, வாழ்க்கையில் ஒரேயொரு தடவை இருவரும் சண்டை பிடிக்காமல் ஒரே இடத்தைக் காட்டினோம். கிணற்றடிக்குக் கிழக்கே ஒரு மூலை. அங்கிருந்த செம்மண்ணை அவர் முன்னமே கடகம் கடகமாக வாழைத் தோட்டத்துக்குச் சுமந்து போய்விட்டார். மிச்சம் வெறும் சுண்ணாம்புக் கல். நல்ல செம்மண்ணைக் கக்கூசுக்குக் கொடுக்க எங்கள் பக்கத்தில் எந்தத் தோட்டக்காரனுக்கு மனம் வரும்? கல்லை உடைத்துக் கிடங்கு எடுத்தோம். கல் கசியாது என்றுதான் நம்பினோம்.

மகளுக்கு நாலு வயதான வருடம் பட்டணத்திலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், காய்ச்சலோடு பத்து நாள் எங்கள் வீட்டில் கிடந்து, அந்தக் கக்கூசுக்கே போய்வந்து, சுகமாகித் திரும்பிப் போனார். பிறகு என் மகள் படுத்தாள். வயிறு ஊதி, நாக்கு வெளுத்து, என்னையே யாரென்று தெரியாமல் பிதற்றினாள். கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் பருக்கிக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். விரலெடுக்கவும் பயம்.

பதினாறாம் நாள் ஆஸ்பத்திரி வைத்தியரான அப்போதிக்கரி வந்தார். பிள்ளையைப் பார்த்து முடித்துக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனவர், கக்கூசைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"பிள்ளை, நீங்கள் தோட்டத்து மண்ணுக்கை குழை தாக்கிறனீங்கள்தானே? அந்தப் பூவரசங்குழை பிறகு எங்கை போகுது?"

"உக்கி மண்ணாப் போகுது."

"ஆர் அதை உக்கப்பண்ணுறது? மண்ணுக்கை கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் கோடிக் கணக்கிலை கிடக்கு. ஒண்டைப்போலை ஒண்டில்லை. ஒண்டு இலையைத் தின்னும், ஒண்டு எருவைத் தின்னும், தங்களுக்கை ஒண்டையொண்டும் தின்னும். காய்ச்சல் கிருமி அதுகளுக்கு நடுவிலை போய் விழுந்தால் லேசிலை தப்பாது. நீங்கள் அந்த மண்ணையெல்லோ வழிச்சுப்போட்டுக் கிடங்கு வெட்டியிருக்கிறியள்! எங்கடை கல்லு முழுக்க ஓட்டை, பிள்ளை. நம்பாட்டி உடுப்புக்குப் போடுற நீலத்தைக் கரைச்சுக் கிடங்குக்கை ஊத்திப்போட்டுக் கிணத்தைப் பார்."

அவர் போன பிறகு எதைத் தொட்டாலும் கை கூசியது. கரண்டியில், பால் சட்டியில், என் நகக்கண்ணில் எல்லாம் எதுவோ ஊர்வதாக நினைத்தேன். கண்ணுக்குத் தெரியாததுகள் இருக்கின்றன என்று பயப்படுவதா, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தவற்றை நாங்களே வாரிப் போட்டோமே என்று பயப்படுவதா? எனக்கு இரண்டு பயமும் இருந்தது.

மறுநாள் விடிய, வீட்டிலிருந்த நீலம் முழுவதையும் கரைத்துக் கிடங்கில் ஊற்றினேன். மத்தியானம் வரைக்கும் கிணற்றுத் தண்ணீர் தெளிவாகவே வந்தது. அப்பாடா என்று இருந்தது. பின்னேரம் அள்ளிய வாளியில் இலேசான நீலம் தெரிந்தது. வாளியைக் கணவரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

என் கணவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாயைத் திறவாதை. பங்குக்காரர் கோட்டு வழக்கெண்டு போவினம். ஊரிலை தலை காட்டேலாது" என்று சொல்லிவிட்டு, அப்போதே கக்கூசை அடைத்தார். எங்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். அது எங்கள் வீட்டுக்கு மட்டும்.

அக்கா குடத்தோடு வந்தாள். தண்ணீரைக் கண்டு சிரித்தாள். "என்ன பிள்ளை, கிணத்தடியிலை வேட்டி அலம்பினனியே?"

"ஓம் அக்கா" என்றேன்.

"நீலம் என்ன செய்யப்போகுது" என்று குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவளுக்கும் ஒரு சின்ன மகள். கிருமிக்குப் பயந்து கையை உரஞ்சி உரஞ்சிக் கழுவின நான், ஊர் வாய்க்குப் பயந்து அந்தக் குடத்தைப் போகவிட்டேன். அந்த வெட்கத்தை எந்தத் தண்ணீரில் கழுவ?

அதிலிருந்து நாலாம் நாள் என் மகளுக்குக் காய்ச்சல் இறங்கியது. "அம்மா" என்றாள். நான் விழுந்து அழுதேன். அழுது முடித்ததும், கணவரிடம் கேட்காமல், வேலியைப் பிரித்து வைத்திருந்த பொட்டுக்குள்ளால் அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அக்கா என்னைக் கண்டதும் எழும்பி வந்தாள். "நல்ல நேரத்திலை வந்தாய், பிள்ளை. சின்னவளுக்கு முந்தநாள் துவக்கம் காய்ச்சல் காயுது. உன்ரை பிள்ளைக்கு எப்பிடித் துவங்கினது?"

திண்ணையில் அப்படியே இருந்துவிட்டேன்.

"என்ன, இப்பிடி இருந்திட்டாய்? முதல் இதைக் குடி" என்று செம்பில் தண்ணீர் தந்தாள்.

கொதிக்காத கிணற்றுத் தண்ணீர் என்று தெரிந்தே வாங்கி முழுவதையும் குடித்தேன். அதற்குப் பிறகுதான் சொன்னேன்.