பாய்மரத்து மேலே ஜெனிபர் பேசினாள்

என் தம்பி மகள் ஜெனிபர் இரண்டு வருஷம் பேசவில்லை. பிறவி ஊமை இல்லை. தம்பி வலை போடப் போய் அடையாறு முகத்துவாரத்தில் முழுகிப் போனான். கரைக்குக் கொண்டுவந்து போட்டபோது இவள்தான் முதலில் பார்த்தாள். அன்றைக்கு அடைத்த வாய். தாயும் இல்லாத பிள்ளை. என்னோடுதான் இருந்தாள். கல்லூரிக்குப் போவாள், வருவாள், சுவரைப் பார்த்து உட்காருவாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ராஜா அண்ணாமலைபுரத்தில் முப்பது வருஷமாக இஸ்திரி வண்டி போடுகிறேன். ஒருத்தரிடமும் கை நீட்டினதில்லை. ஆண்டவரிடம் மட்டும் நீட்டினேன். டாக்டரிடமும் காட்டினேன், வெள்ளிக்கிழமை தோறும் உபவாசமும் இருந்தேன். "இந்தப் பிள்ளை வாயைத் திறந்துவிடும், ஆண்டவரே." இதே ஜெபம்தான். பதில் இல்லை. ஒரு நாள் துணியைத் தேய்த்துக்கொண்டே, நீர் இருக்கிறீரா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

போன மாசியில் அவள் கல்லூரி டீச்சர் என் வண்டிக்கே வந்தார். பழைய காலத்து மாதிரிப் பாய்மரக் கப்பலில் பிள்ளைகளைப் பத்து நாள் கூட்டிப்போய், பாய் இழுக்கவும் சுக்கான் பிடிக்கவும் பழக்குகிறார்களாம்.

"தைரியம் வரும்மா," என்றார்.

"எங்க தம்பிய கடல் துன்னுட்ச்சு. மிச்சம் கீறதையும் குடுன்றியாம்மா?" என்று கத்திவிட்டேன்.

வண்டியோரம் உட்கார்ந்திருந்த ஜெனிபர் எழுந்து வந்தாள். டீச்சர் கையிலிருந்த படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு வருஷத்தில் அவளாகச் செய்த முதல் காரியம் அது. எப்படித் தடுப்பேன்?

எங்கள் சபையில் ஜெபித்த எண்ணெய் கொடுப்பார்கள். ஒரு பாட்டில் வாங்கி அவள் பையில் வைத்தேன். "தெனம் காலைல ரெண்டு கையிலயும் நல்லா பூசிக்கோ. அப்பறந்தான் கயித்தத் தொடணும். சத்தியம் பண்ணு," என்றேன். தலையாட்டினாள்.

பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் துறைமுகத்தில் போய் நின்றேன். பயிற்சி கொடுக்கும் அம்மா முதலில் இறங்கி வந்தார்.

"ஜெனிபரோட அத்தையா? எண்ணெய் பாட்டில் குடுத்தது நீங்கதானா?"

"ஆமாம்மா. ஜெபம் பண்ண எண்ணெ."

"அதப் பூசிக்கிட்டு மரம் ஏறலாமா, அத்தை?"

நடந்ததைச் சொன்னார். முதல் மூன்று நாள் கீழே வேலை. நாலாம் நாள் பாய்மரத்தில் ஏற்றினார்கள். ஜெனிபர் முதலில் ஏறினாள். பாதியில் கை வழுக்கியது. இடுப்பு பெல்ட் பிடித்துக்கொள்ள, அந்தரத்தில் தொங்கினாள். பின்னால் ஏறி வந்த பெண் அதே கயிற்றைப் பிடிக்கப் போனாள். அப்போது மேலேயிருந்து ஒரு சத்தம்.

"ஏய் திவ்யா, கை வெக்காத! எண்ணெ கீது, வழுக்கும்! எறங்குடி!"

"கப்பலே அண்ணாந்து பாத்துச்சு, அத்தை. மத்தியானம் முழுக்க சோப்பு போட்டு கயித்தக் கழுவ வெச்சோம். அப்பறம், தூரத்துல படகு தெரிஞ்சா கத்திச் சொல்ற வேலைய அவளுக்கே குடுத்துட்டோம். தொண்டை கட்டிப் போச்சு. ஆனா விடல."

பக்தி என்று நினைத்து, என் பிள்ளையை நானே கீழே தள்ளப் பார்த்திருக்கிறேன். பிடித்தது பெல்ட்டா, கர்த்தரா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதற்குள் ஜெனிபர் வந்தாள். கறுத்துப் போயிருந்தாள். உள்ளங்கையெல்லாம் காய்ப்பு. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா அத்த, இப்டி எளச்சுப் போய்ட்ட? துன்னியா இல்லியா?"

அத்தனை பேர் பார்க்க, அங்கேயே முழங்காலில் விழுந்தேன்.

இப்போது தெருமுனையில் வரும்போதே அவள் சத்தம் கேட்கிறது. ஆட்டோக்காரரோடு சண்டை போடுகிறாள். சபையில் வேதம் வாசிக்கிறாள். கடற்கரையில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசுகிறாள், அழுகிறாள், மறுபடி பேசுகிறாள். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை மூலையில் உட்கார்ந்திருந்தால் சோர்ந்து போகாதீர்கள். ஜெபியுங்கள். ஜெபித்த பிறகு, பதில் இந்த வழியாகத்தான் வர வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தராதீர்கள். நான் பண்ணின தப்பைக்கூட அவர் வீணாக்கவில்லை. அவருக்கு ஸ்தோத்திரம். வருகிற மாசியில் அவள் மறுபடி கப்பலுக்குப் போகிறாள். நான் அழுவேன்தான். ஆனாலும் அனுப்புவேன்.