கோபுரத்துக்கு மேலே இரண்டு பறவைகள்

எஸ்டேட்டுக்குள் இருந்த எங்கள் அம்மன் கோயிலை புக்கிட் பெலிம்பிங் சாலையோரத்துக்கு மாற்றிக் கட்டியபோது நான்தான் செயலாளர். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவன். நில அனுமதியிலிருந்து தண்ணீர் லோரி வரை எல்லாவற்றையும் முறைப்படி முடித்திருந்தேன். ஒன்றுக்கு மட்டும் மனுப் போட வழியில்லை. கும்பாபிஷேகத்தில் தீர்த்தம் ஊற்றும்போது மேலே கருடன் வட்டமிட வேண்டும். வராவிட்டால், புது இடம் அம்மனுக்குப் பிடிக்கவில்லை என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் இருந்த பழைய ஆட்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பிறகு பாதிப் பேர் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

கருடனுக்கு, அதாவது செம்பருந்துக்கு, இங்கே பஞ்சமில்லை. ஆனால் சுற்றுலாப் படகுக்காரர்கள் வேடிக்கை காட்டக் கோழித்தோல் வீசும் ஆற்றை விட்டு அவை எதற்கு வரும்? பொருளாளரிடம் சொன்னேன். அவர் கோழிக்கடைக்காரர்.

“கவலய விடுங்கண்ணே, வரும்லா.”

இத்தனை உறுதியாக ஒருவர் பேசினால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

வருகிற கருடனை வேறொன்று விரட்டிவிடுமோ என்று எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. சற்றுத் தள்ளியிருக்கும் செகிஞ்சானில் அறுவடை முடிந்த நெல்வயல்களில் ஒரு பெரிய பழுப்புக் கழுகைப் பார்த்திருந்தேன். வடக்கேயுள்ள பரந்த புல்வெளிகளிலிருந்து குளிருக்கு ஒதுங்கி வரும் இனம். வாயோரத்து மஞ்சள் கோடு கண்ணுக்குப் பின்னால்வரை நீண்டு, எதையோ மறைத்துச் சிரிப்பது போலிருக்கும். பெரும்பாலும் தரையில் நடந்து எலி, வெட்டுக்கிளி, செத்தது எதுவானாலும் தின்னும். மற்ற பறவை ஏதாவது பிடித்துவிட்டால் மட்டும் எழுந்து துரத்தி, அது கீழே போடும்வரை விடாது. அலுவலகத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு நான் பதவி உயர்வே சிபாரிசு செய்திருக்கிறேன்.

கும்பாபிஷேகத்தன்று காலை குருக்கள் கலசத்தோடு கோபுரத்தின் மேல் காத்திருந்தார். வானம் காலியாக இருந்தது. கோயிலை மாற்றக்கூடாது என்று முதலிலிருந்தே சண்டை போட்டவர், எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர், கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

அப்போதுதான் பின்பக்கச் செம்பனை மரங்களுக்கிடையே செம்பருந்துகள் ஒவ்வொன்றாக இறங்கின. மேலே ஏறவில்லை. பொருளாளர் அந்தப் பக்கமிருந்து கையைத் துடைத்தபடி வந்தார்.

“எங்க போனீங்க?”

“பைப்ப மூடப் போனேண்ணே.”

பைப் வாசல் பக்கம் இருக்கிறது.

கேட்பதற்குள் செகிஞ்சான் வயல் பக்கமிருந்து அந்தப் பழுப்புக் கழுகு தாழப் பறந்து வந்து பாய்ந்தது. பருந்துகள் சிதறின. ஒன்று மட்டும் காலில் எதையோ பிடித்தபடி உயரே ஏறியது. கழுகு விடாமல் துரத்த, இரண்டும் கோபுரத்தைச் சுற்றின.

“கருடன்! கருடன்!”

குருக்கள் ஊற்றினார். மண்டோர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஒன்னு இல்லடா, ரெண்டு வந்திருக்கு!” அவர் குரல் உடைந்திருந்தது.

பருந்து காலில் இருந்ததை விட்டது. எல்லோரும் கைகூப்பி மேலே பார்த்திருக்க, அது யாகசாலைக்கு அருகில், என் முன்னால் விழுந்தது. மஞ்சளாக, கொழுப்போடு ஒரு கோழித்தோல். நான் வெறுங்காலை அதன்மேல் வைத்தேன். சில்லென்று வழுக்கியது.

மண்டோர் கண்களைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“என்னய்யா செயலாளரே, மரமாட்டம் நிக்கிற? விழுந்து கும்பிடு.”

“கூட்டம் கொறையட்டும்ணே,” என்றேன்.