குகைக்குள் கேட்ட தமிழ்

ஆஸ்டினுக்கு வந்து இரண்டு வருடமாகியும் சனிக்கிழமைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்படியொரு சனிக்கிழமை, தனியாகக் காரோட்டிக்கொண்டு பழங்காலக் குகை ஒன்றைப் பார்க்கப் போனேன்.

வழிகாட்டியோடு உள்ளே போன எங்கள் குழுவில் இன்னொரு தமிழர் இருந்தார். அறுபது வயதிருக்கும். டெக்சஸ் வெயிலிலும் முழுக்கை ஸ்வெட்டர், புத்தம்புது வெள்ளை ஷூ. வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் எது சொன்னாலும், அதை உடனே தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்.

"யானை மாதிரி ஏதோ ஒண்ணோட எலும்பு இங்க கிடைச்சுதாம்."

எனக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். "எனக்கு இங்கிலீஷ் புரியும் அங்கிள்," என்றேன்.

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "சாரி தம்பி. வீட்டுக்காரிக்கு இங்கிலீஷ் வராது. எங்க போனாலும் நான்தான் சொல்லுவேன். போன வருஷம் போயிட்டா. வாய் நிக்க மாட்டேங்குது."

குகையின் அடியில், ஒரு நிமிடம் முழு இருட்டில் நிற்கலாம் என்று சொல்லி வழிகாட்டி விளக்குகளை அணைத்தாள். என் கையே எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் அவர் குரல் மட்டும் மெல்லக் கேட்டது.

"பயப்படாத. ஒரு நிமிஷம்தானாம்."

அது எனக்குச் சொன்னதல்ல என்று தெரியும். இருந்தாலும், "சரி," என்றேன்.